பாத் காய்சோ

2025 ஜூன் கடைசி வாரம். மேட்டூரை 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே போர் தண்ணீரில் நாற்று விட்டிருந்ததால் அவருக்கு நடவு அவசரம். மூன்று ஏக்கர். ஊரில் ஆள் கேட்டுப் பார்த்தார், அமையவில்லை. எல்லோரும் செய்வதைப் போல அவரும் வங்காளத்து ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பதினான்கு பேர். எல்லோரும் ஆண்கள். அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. இறங்கிய வேகத்தில் பாதிப் பேர் நாற்றங்காலுக்குள் போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு நான் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு போனபோது ஒன்றரை ஏக்கர் பச்சையாகியிருந்தது. மாமா வரப்பில் நின்றபடி உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"பாய்! பாத் காய்சோ?"

பதினான்கு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. கையில் இருந்த நாற்றுமுடி கையிலேயே நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான். மேஸ்திரி சேற்றை மிதித்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். உள்ளே ஆதார் அட்டை. அதை மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டி, "இந்தியா சார். முர்ஷிதாபாத். இந்தியா" என்றார்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் சாப்பிட்டியான்னுதானே கேட்டேன் மாப்ள" என்று என்னைப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், மாமா பேசும் வங்காளம் மலேசியாவில் கற்றது. ஆறு வருஷம் ஒரே அறையில் படுத்துக் கிடந்த கொமில்லாக்காரர்களிடம் கற்றது. கொமில்லா வங்கதேசத்தில் இருக்கிறது. 'காய்சோ' என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. கல்கத்தாப் பக்கம் 'கேயேச்சோ' என்பார்களாம். தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு விவசாயி தன்னை வங்கதேசத்துக்காரனைப்போல விசாரித்தால் மேஸ்திரி என்ன நினைப்பார்? ஆள் பிடிக்கிறவன் வைக்கும் பரீட்சை என்றுதான் நினைத்திருக்கிறார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷ ஜனவரியில்தான் பல்லடம், திருப்பூர்ப் பக்கம் போலி ஆதாரோடு வேலை பார்த்த வங்கதேசத்தவர்களைப் பிடித்தார்கள். ஜூனில் மும்பைப் பக்கம் பிடித்த முர்ஷிதாபாத்காரர்கள் சிலரை எல்லைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அவர்கள் இந்தியர்கள்தான் என்று தெரிந்ததும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்கள் வயலில் நின்றவர்களும் முர்ஷிதாபாத்தான். சொந்த ஜில்லாக்காரனுக்கு நடந்தது தனக்கும் நடக்காது என்று எப்படி நம்புவது?

மாமாவின் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இவர்கள் பயந்த 'சட்டவிரோத ஆள்' என்கிற உருவத்துக்கு அந்த வரப்பில் உண்மையாகப் பொருந்தக்கூடிய ஒரே நபர் அவர்தான்.

2013இல் போனார். எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். பக்கத்தில் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜுலா கப்பல் ஓடிய காலத்திலிருந்தே இங்கிருந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். மாமா பத்தாவது தேறாதவர். அவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கும். மலேசியா, வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் இந்த முத்திரை உள்ளவர்கள் அரசாங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது, அவர்களை ஏஜென்ட் ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஏஜென்ட் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேலைக்கு என்று போனால்தானே அனுமதி? சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு? விசிட் விசா. மாமா தன் வாழ்நாளில் சுற்றுலா என்று போனது அந்த ஒரு தடவைதான்.

அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான். கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அன்றைக்கு பிரவுசிங் சென்டர், இன்றைக்கு ஆன்லைன் சேவை, ஜெராக்ஸ், மணி டிரான்ஸ்ஃபர். ஏஜென்ட் கொடுத்த தாளைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தேன். பயண நோக்கம்: சுற்றுலா. தங்கும் நாட்கள்: 14. மாமாவுக்கு மட்டும் அல்ல, அந்த வருஷம் நிறையப் பேருக்குச் செய்தேன்.

செலவு 1,10,000. பதிவு பெற்ற ஏஜென்ட் இன்றைக்கும்கூட 30,000க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஊரில் அதை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்து அறுபதாயிரம், மீதி ஐம்பதாயிரம் மூன்று வட்டிக்கு. மூன்று வட்டி என்றால் இங்கே மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று. விமானம் ஏறும் முன்பே மாதம் 1,500 ரூபாய் வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. அந்த 1,500தான் அவரை அங்கே ஆறு வருஷம் பிடித்துவைத்த கயிறு என்று நினைக்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை. சம்பளம் 1,200 ரிங்கிட், சாப்பாடும் படுக்கையும் இலவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஜனவரியில்தான் மலேசியா முதல் தடவையாகக் குறைந்தபட்சச் சம்பளம் என்று மாதம் 900 ரிங்கிட் வைத்திருந்தது. ஆனால் 900 என்பது எட்டு மணி நேரத்துக்கு. மாமா பார்த்தது பதினான்கு மணி நேரம், லீவு கிடையாது. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் 1,200 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மாதம் 800 அனுப்புவார். பர்மிட் இல்லாதவன் பாங்கில் வரிசையில் நிற்க முடியாது, அதனால் உண்டியல்தான், அதாவது பாங்குக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் பணம். இங்கே அத்தைக்கு ஒரு பைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார். அத்தை தன்னிடம் இருக்கும் ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணை மாமாவிடம் போனில் சொல்லுவார், மாமா அங்கே உண்டியல்காரரிடம் சொல்லுவார், பைக்காரர் அந்த எண் உள்ள நோட்டை அத்தையிடம் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார். ரசீதே அந்த நோட்டுதான். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அத்தை இப்போதும் புது பத்து ரூபாய் நோட்டு கிடைத்தால் செலவழிக்காமல் அரிசிப் பானைக்குள் போட்டுவைப்பார், பழக்கம்.

2013இல் ஒரு ரிங்கிட் 18 ரூபாய்க்கு மேல். 800 அனுப்பினால் வீட்டுக்குப் பதினாலாயிரம் சொச்சம். 2015இல் ரிங்கிட் விழுந்து 15 ரூபாய் சொச்சத்துக்கு வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் மலேசியாவில் ஜி.எஸ்.டி. போட்டார்கள், ஆறு சதவீதம். அங்கே சோப்பு, போன் கார்டு எல்லாம் ஏறியது. இங்கே வந்து சேரும் பணம் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கியது. மாமாவின் சம்பளம் நகரவில்லை. கூட்டிக் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? விசா காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். வேறு கடைக்கு மாறினார். அங்கே இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தார்கள். கேட்டதற்கு, "இமிகிரேஷனுக்கு ஒரு போன் போட்டா போதும்" என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த 2,400 ரிங்கிட் போனது போனதுதான்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நாட்டுச் சட்டப்படி ஓவர்ஸ்டேக்கு, அதாவது விசா காலம் கடந்து தங்குவதற்கு, ஐந்து வருஷம் வரை சிறை. கள்ளத்தனமாக நுழைந்தவன் என்றால் அதோடு ஆறு பிரம்படி வரை சேரும். ரெய்டு வண்டி வந்தால் பின்கதவு. மாமா இப்போதும் கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் பின்வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு உட்காருவார். கேலி செய்தால் சிரிப்பார்.

அவரோடு அறையில் இருந்த கொமில்லாக்காரர்கள் ஐந்து பேரும் முறையான பர்மிட்டில் வந்தவர்கள். இதைத்தான் நான் முதலில் நம்பவில்லை. அந்தப் பர்மிட் ஒரு முதலாளியின் பெயரில் இருக்கும். வேறு இடத்தில் வேலை பார்த்தால் குற்றம். வருஷா வருஷம் லெவி என்கிற அரசாங்கக் கட்டணத்தைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், சர்வீஸ் துறைக்கு 1,850 ரிங்கிட். 2018 வரை அதையும் ஆட்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பணத்தை முதலாளி அலுவலகத்தில் கட்டாமல் விட்டால்? தப்பு செய்தது அவர், சட்டவிரோதமானது இவன். அந்த ஐந்து பேரும் அப்படி ஆனவர்கள். கள்ளத்தோணியில் வந்தவன் என்று ஊரில் நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலர் விமானத்தில், முத்திரை வாங்கி, முன்வாசல் வழியாக உள்ளே போனவர்கள்.

கள்ளத்தோணி என்கிற வார்த்தையே நம் கடற்கரையோடு ஒட்டியதுதான். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கமிருந்து இரவில் தோணி ஏறி இலங்கைக்குப் போனவர்களை அங்கே அப்படிச் சொன்னார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானபோது, நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவனுக்கும் அதே வசவுதான் கிடைத்தது. அவன் ஒரு தோணியையும் பார்த்திருக்க மாட்டான். இப்போது இங்கே டீக்கடையில் உட்கார்ந்து வங்காளத்துப் பையன்களைப் பார்த்து நாம் அந்த வார்த்தையைச் சொல்கிறோம்.

சரி, நடவுக்கு வருகிறேன். கூலி குறைவு என்பதால்தான் இவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாமா வயலில் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் அது பாதிதான் சரி என்று தெரிந்தது. நம் பெண்கள் நட்டால் ஏக்கருக்குப் பதினெட்டு பேர், ஆளுக்கு 300, ஆக 5,400. நாற்றுப் பறித்துக் கட்டிச் சுமந்து போட ஆண்களுக்குத் தனியாக 2,500. டீ, வடை. எட்டாயிரத்தைத் தொடும். வங்காளத்து ஆட்கள் பறிப்பதும் நடுவதும் சேர்த்து ஏக்கருக்கு 5,000. ஆனால் அந்தப் பதினான்கு பேர் மூன்று ஏக்கரையும் மாலை மூன்று மணிக்குள் முடித்துவிட்டார்கள். 15,000 ரூபாய். உள்ளூர்த் தரகர் ஏக்கருக்கு 300 எடுத்துக்கொண்டார். மீதியைப் பதினான்கால் வகுத்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய். நம் அக்காக்களுக்குக் கிடைப்பதைவிட மூன்று மடங்கு. ஒரு ஆளின் நாளுக்குக் குறைந்த கூலி என்று எதுவும் இங்கே இல்லை. ஏக்கருக்குத்தான் குறைவு. வேகம்தான் வித்தியாசம். இருபத்தைந்து வயதுப் பையனின் இடுப்பையும் ஐம்பத்தைந்து வயது அக்காவின் இடுப்பையும் ஒரே வரப்பில் நிறுத்தி ஓடவிட்டால் யார் ஜெயிப்பார்கள்?

நம் பக்கத்தில் நடவு நட்டவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள், இப்போது வயதானவர்கள். அவர்களின் மகள்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில். என் கடைக்குக் குழு லோன் கட்ட வரும் ஒரு அக்காவிடம் இந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

"குறுவை நடவுக் காசுலதான் தம்பி பேரப்புள்ளைக்கு நோட்டு, பையி, யூனிபாரம் வாங்குவேன். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும், ஜூன்ல நடவு இருக்கும். இந்த வருசம் எனக்கு நாலு நாள்தான் வேலை. அவன் மூணு ஆளு சம்பளம் வாங்குறான்னா எனக்கு என்ன?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நூறு நாள் வேலையில் அந்த 2025ஆம் வருஷம் அறிவித்த கூலி 336, அளந்து போடும்போது அவ்வளவு வரவில்லை. ரேஷன் அரிசி இலவசம், உரிமைத்தொகை ஆயிரம் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஆள் வேலைக்கு வருவதில்லை என்று நிலக்காரர்கள் திட்டினார்கள். சிலிண்டர் அப்போது 900க்குப் பக்கம், வாரம் தவறாமல் குழு லோன். அந்த ஆயிரம் வந்த அன்றே எங்கே போகிறது என்று என் கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்.

வெளியாள் என்றால் கீழத்தஞ்சையில் நினைவுக்கு வர வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1968இல் கீழ்வெண்மணியில் நடந்ததைக் கூலித் தகராறு என்று சொல்லிவிடுகிறோம். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்குப் பதிலாக நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும் அந்தச் சண்டையின் ஒரு பகுதி. டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அடுத்த வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்றைக்கு வெளியாள் என்றால் வேறு கிராமத்துக்காரன். பசியில் வந்தவனையும் உள்ளூர்ப் பசியையும் மோதவிட்டு வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் யார் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. இன்றைக்கு அப்படிச் சுலபமாகக் கைகாட்ட முடியவில்லை. வரப்பில் நிற்பது மூன்று ஏக்கர் மாமா. அவரும் ஒத்தியை மீட்டு ஐந்து வருஷம்தான் ஆகிறது. மூன்று ஏக்கருக்கு ஒன்பதாயிரம் மிச்சம் என்றால் அதை விட்டுக்கொடுங்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

மேஸ்திரியோடு அப்புறம் பழக்கமானது. மாமா தன் கொமில்லா வங்காளத்தில் முழுக்கதையையும் சொல்லி முடித்த பிறகு அவர்களுக்குள் ஒரே சிரிப்பு. 'நீ கள்ள ஆளா இருந்தியா' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நான் இந்தியில் விசாரித்தேன். மேற்கு வங்கத்துக்கு நூறு நாள் வேலைக்கான பணத்தை ஒன்றிய அரசு 2022 மார்ச்சில் நிறுத்திவைத்தது. முறைகேடு என்று காரணம் சொன்னார்கள். முறைகேடு செய்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், மண் வெட்டிய நாங்கள் ரயில் ஏறினோம் என்கிற அர்த்தத்தில் மேஸ்திரி ஏதோ சொன்னார். அவர் முதலில் போனது கேரளத்துக்கு. இரண்டு வருஷமாக ஹவுராவிலிருந்து திருச்சிக்கு வரும் ரயில். ஊரில் அவருக்கு வங்காளத்து நில அளவில் இரண்டு பீகா நிலம் இருக்கிறது. அதை யார் நடுகிறார்கள் என்று மாமா கேட்டார். பக்கத்து ஜில்லா ஆட்களாம்.

ஜூலையில் பக்கத்து ஊரில் ஒருவர் இவர்களை வைத்து ஆறு ஏக்கர் நட்டார். முப்பதாயிரம் கொடுக்க வேண்டும். நெருக்கம் போதவில்லை, குத்துக்குக் குத்து இடைவெளி அதிகம் என்று 22,000 கொடுத்தார். மேஸ்திரி வாதாடியிருக்கிறார். அதற்கு அவர், "ஆதார் ஒரிஜினல்தானான்னு ஸ்டேஷன்ல போயி கேப்பமா?" என்றாராம். மேஸ்திரி அதற்கு மேல் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். இந்த நாட்டுக் குடிமகன், கையில் ஒரிஜினல் ஆதார், பக்கத்தில் பதின்மூன்று சாட்சி. எட்டாயிரம் ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

இதை நான்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் உர மூட்டையைத் தைத்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சிரிச்சுக்கிட்டே சொன்னானா?" என்று மட்டும் கேட்டார்.

அது எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவில்லை.

மாமா 2019 டிசம்பரில்தான் திரும்பி வந்தார். அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் 16இல் கஜா புயல் அடித்து வீட்டு ஓடும் பதினொரு தென்னையும் போனபோது, அவர் கடை டி.வி.யில் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. வீடியோ காலில் தாலி கட்டுவதைப் பார்த்தார், அந்த நேரம் பார்த்து நெட் நின்றுவிட்டது. பிறகு மலேசிய அரசு ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் கொண்டுவந்தது. 700 ரிங்கிட் அபராதம் கட்டி, ஏழு நாளுக்குள் ஊருக்குப் போகும் டிக்கெட்டைக் காட்டினால் சிறை கிடையாது. பாஸ்போர்ட் முதலாளியோடு போய்விட்டதால் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் வாங்கினார். கடைசி மாதம், வரிசை தெருவரை. முன்னால் நின்ற ஒரு கொமில்லாக்காரர் தன் இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு, மாமாவுக்கும் சேர்த்துச் சோறு வாங்கிவந்து கொடுத்தாராம். பாத் காய்சோ என்று கேட்டுத்தான்.

இப்போது 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு முப்பது நாள் போக நமக்கு விசாவே தேவையில்லை. ஏஜென்ட் கேட்கும் தொகை மட்டும் குறையவில்லை. போன மாதம்கூட ஒரு பையன் என் கடைக்கு வந்தான், டிக்கெட்டும் ஓட்டல் புக்கிங்கும் பிரிண்ட் எடுக்க. எத்தனை நாள் என்று கேட்டேன். "பத்து நாள்ணே, சுத்திப் பாக்க" என்றான். கையில் ஒரு அட்டைப் பெட்டி, அதில் ஊறுகாய், இட்லிப்பொடி, மூன்று லுங்கி. மாமாவின் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் அப்பா வெளியே டி.வி.எஸ். வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றிருந்தார். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி ஊருக்குப் பணம் அனுப்ப என் கடைக்குத்தான் வருவார். ஐந்தாயிரத்துக்கு ஐம்பது ரூபாய் எடுத்துக்கொள்வேன். பக்கத்து ஊர் விவகாரம் நடந்த மறுநாள் வந்தபோது பணம் அனுப்ப வரவில்லை. பதினான்கு ஆதாரையும் ஒரு ரப்பர் பாண்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் கலர் பிரிண்ட், இரண்டு பக்கமும், லேமினேஷனோடு. தண்ணீரில் நனையக் கூடாது, வயலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சூடான அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். ஆளுக்கு நாற்பது, ஆக 560. ஐந்நூற்று அறுபது ரூபாயையும் எண்ணி வைத்தார். மாமா அப்போது கடையில்தான் இருந்தார். அறுபதைத் திருப்பிக் கொடு என்று கண்ணைக் காட்டினார். கொடுத்தேன். மேஸ்திரி வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பத்து ரூபாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பையில் வைத்துக்கொண்டார்.